விரிசலுக்குப் பிறகு எவ்வளவு? ஃபைபர் கான்கிரீட் பேனலை வளைத்துப் பார்க்கும் முறை

பெங்களூர் விளிம்பில் ஜிகணி, பொம்மசந்திரா, ஹொசகோட்டை என்று எந்தப் பக்கம் போனாலும் காம்பவுண்ட் சுவர்ப் பலகை, சாக்கடை மூடி, முகப்புப் பேனல் வார்க்கும் சின்னச் சின்ன ப்ரீகாஸ்ட் யார்டுகள் கண்ணில் படும். கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலத்திலிருந்து டிப்ளமோ முடித்து வரும் பிள்ளைகள் பலருக்கு முதல் வேலை இங்கேதான். சேர்ந்த கையோடு ஒரு வாடிக்கையாளர் வந்து, "இந்தப் பேனல் எத்தனை கிலோ தாங்கும்?" என்று கேட்பார். ஃபைபர், அதாவது சின்னச் சின்ன இழைகள், கலந்து வார்த்த பேனலுக்கு அந்தக் கேள்விக்கு ஒரே எண்ணில் பதில் கிடையாது. இரண்டு எண் வேண்டும். எந்தச் சுமையில் விரிசல் விடும் என்பது ஒன்று. விரிசல் விட்ட பிறகும் எவ்வளவு சுமையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் என்பது இன்னொன்று. ஃபைபருக்குக் கொடுக்கும் காசு முழுக்க அந்த இரண்டாவது எண்ணுக்குத்தான். அதை யார்டிலேயே அளப்பது எப்படி என்று இங்கே சொல்கிறேன்.

ஃபைபர் செய்வதும் செய்யாததும்

கான்கிரீட்டின் இழுவைத் திறன், அமுக்கத் திறனில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். பேனல் வளையும்போது மேல்முகம் அமுங்கும், அடிமுகம் இழுபடும், விடுவது அடிமுகம்தான். வளைதிறனுக்கு, அதாவது வளைவில் விரிசல் விடும் அளவுக்கு, கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456 தரும் கணக்கு எளிது: க்யூப் வலிமையின் (கனசதுரக் கட்டியை அமுக்கி உடைத்துப் பெறும் வலிமை) வர்க்கமூலத்தை 0.7 ஆல் பெருக்க வேண்டும். க்யூப் வலிமை 25 உள்ள எம்25 க்கு 3.5, எம்40 க்கு சுமார் 4.4 நியூட்டன்/ச.மி.மீ. சிமெண்டைக் கூட்டி க்யூப் வலிமையை 25 இலிருந்து 40 க்கு ஏற்றினாலும் வளைவில் கிடைக்கும் லாபம் ஒன்றுக்கும் குறைவு.

கனமீட்டருக்கு 20 முதல் 40 கிலோ ஸ்டீல் ஃபைபர் போட்டால் இந்த 4.4 பெரிதாக மாறாது. இதைக் கேட்டால் புதியவர்கள் முகம் வாடிவிடும். "அப்புறம் எதுக்கு சார் ஃபைபர்?" விரிசல் விட்ட அடுத்த நொடியில் வெறும் கான்கிரீட் இரண்டு துண்டாகிக் கீழே கிடக்கும். ஃபைபர் உள்ள பேனலில் இழைகள் விரிசலின் இரு கரைகளையும் பிடித்துக்கொள்ளும். விரிசல் அகல அகல ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு வெளியே வரும். அந்த உருவலுக்குத்தான் விசை செலவாகிறது. மண்சுவர்ச் சேற்றில் வைக்கோல் கலந்து மிதித்தவர்களுக்கு இந்த சங்கதி தெரிந்ததுதான். நுனி வளைந்த ஸ்டீல் ஃபைபர் அறுந்து போவதைவிட உருவி வருவதையே நாம் விரும்புகிறோம். அறுந்தால் பிடிப்பு சட்டென்று போய்விடும்.

எந்த ஃபைபர்

ஸ்டீல் ஃபைபரின் அடர்த்தி கனமீட்டருக்கு 7850 கிலோ, பாலிப்ராப்பிலீனுடையது சுமார் 910. கொள்ளளவில் ஒரு சதவீதம் என்றால் ஸ்டீலில் 78.5 கிலோ, பாலிப்ராப்பிலீனில் 9.1 கிலோ. எடையை மட்டும் வைத்து இரண்டையும் ஒப்பிடுகிற விற்பனையாளரிடம் பேச்சை நீட்ட வேண்டாம். கனமீட்டருக்கு 900 கிராம் போடும் முடி போன்ற மைக்ரோ ஃபைபர், ஈரக் கான்கிரீட்டில் வரும் சுருக்க விரிசலுக்கு மட்டும்தான். வளைவில் அதை நம்பக் கூடாது. தடித்த மேக்ரோ சிந்தெடிக் ஃபைபர் வேலை செய்யும். ஆனால் நிரந்தரச் சுமையின் கீழ் அது மெல்ல மெல்ல நீளும் குணமுள்ளது. எப்போதும் பாரம் இருக்கும் இடத்துக்கு நான் ஸ்டீலைத்தான் எடுப்பேன். வெயில், மழை படும் முகப்பில் ஸ்டீல் நுனிகள் துருப்புள்ளி விடும். பலம் குறையாது, ஆனால் வீட்டுக்காரர் போன் வரும்.

கண்ணாடி இழை தனி உலகம். சாதாரணக் கண்ணாடியை சிமெண்டின் காரம் தின்றுவிடும். சிர்கோனியா கலந்த, காரத்தைத் தாங்கும் வகைதான் வேண்டும். தெளித்து வார்க்கும் ஜி.ஆர்.சி. (கண்ணாடி இழை கான்கிரீட்) பேனலில் எடையில் 5 சதவீதம் வரை இழை இருப்பதால், அங்கே விரிசலுக்குப் பிறகு சுமை இன்னும் ஏறும். ஆனால் வருடக்கணக்கில் மழையில் நனைந்தால் அந்த உச்ச வலிமை முதல் விரிசல் வலிமையை நோக்கி இறங்கிவரும். 28 நாள் டெஸ்டில் வந்த உச்சத்தை வைத்து ஜி.ஆர்.சி. பேனலை டிசைன் செய்யாதீர்கள். இனி வருவதெல்லாம் ஸ்டீல் ஃபைபர் பேனலுக்கு.

கலவை

நாம் வார்க்கப்போவது 750 × 750 மி.மீ. அளவில், 30 மி.மீ. தடிமனில் இரண்டு பேனல். கூடவே அமுக்கத் திறன் பார்க்க ஆறு க்யூப். பின்னால் வரும் வாளி சோதனைக்கும் சேர்த்து 80 லிட்டர் கலவை போதும். கனமீட்டருக்கு 40 கிலோ கணக்கில் இதற்கு 3.2 கிலோ ஃபைபர். 35 மி.மீ. நீளம், 0.55 மி.மீ. விட்டம், நுனி வளைந்தது என்று எடுத்துக்கொள்வோம்.

ஜல்லி 10 அல்லது 12 மி.மீ. மேல் போகக் கூடாது. ஃபைபரின் நீளம் பெரிய ஜல்லியைப் போல இரண்டு மூன்று மடங்காவது இருந்தால்தான் விரிசலைத் தாண்டி அந்தப் பக்கத்தைப் பிடிக்கும். மணல் பங்கு வழக்கத்தைவிடக் கூடவே இருக்கட்டும். இழையைச் சுற்றிப் பூச சாந்து வேண்டும். பெங்களூரில் கிடைப்பது எம்-சாண்ட், அதாவது கல்லை நொறுக்கிய மணல். லோடு வரும்போது பூச்சு வேலைக்கான பி-சாண்ட் கலந்து வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எம்-சாண்ட் கூர் கூராக இருப்பதால் கலவை விறைக்கும். அதற்குக் கலவையை இளக்கும் ரசாயனமான சூப்பர் பிளாஸ்டிசைசர்தான் மருந்து, தண்ணீர் அல்ல.

ஃபைபரைக் கடைசியில் போடுங்கள். முதலில் வெறும் கலவை நன்றாக ஓடட்டும், ஸ்லம்ப் (கூம்பு அச்சை எடுத்ததும் கலவை அமரும் அளவு) 100 மி.மீ. தாண்டியிருக்கட்டும். பிறகு சுழலும் மிக்ஸரில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவ வேண்டும். மூட்டையைக் கவிழ்த்தால் ஃபைபர் பந்து பந்தாகச் சுருண்டுகொள்ளும். சுருண்ட பந்தை எந்த மிக்ஸராலும் பிரிக்க முடியாது. பசையால் ஒட்டி வரும் வகை என்றால் தண்ணீரில் பசை கரைந்து தானே பிரியும், தொல்லை குறைவு. ஃபைபர் போட்டதும் ஸ்லம்ப் விழும். மேஸ்திரி உடனே தண்ணீர் பைப்பைத் தூக்குவார். தடுத்து நிறுத்துங்கள்: பார்க்க விறைப்பாக இருந்தாலும் வைப்ரேட்டர் பட்டதும் இளகிவிடும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

வார்ப்பதற்கு முன் ஒரு சின்ன சோதனை. பத்து லிட்டர் வாளியில் கலவையை நிரப்பி, தண்ணீர் விட்டு அலசி, காந்தத்தால் ஃபைபரைப் பொறுக்கி, உலர்த்தி எடை போடுங்கள். கனமீட்டருக்கு 40 கிலோ என்றால் வாளியில் 400 கிராம் இருக்க வேண்டும். மிக்ஸரின் ஆரம்பத்திலும் கடைசியிலும் எடுத்த வாளிகளில் 300 ம் 500 ம் வந்தால் கலவை சரியில்லை. அதை வார்த்து வளைத்துப் பார்ப்பது வீண்வேலை.

வார்ப்பும் வெட்டும்

முடிவையே மாற்றிவிடும் இடம் இதுதான். பலர் 150 மி.மீ. அகலக் குறுகிய அச்சில் நேரடியாகப் பட்டையை வார்த்து டெஸ்ட் செய்கிறார்கள். அச்சின் சுவரை ஒட்டி இழைகள் நீளவாக்கில் படுத்துக்கொள்ளும்; ஓடும் கலவையும் ஓட்டத்தின் திசையிலேயே அவற்றைத் திருப்பும். அப்படி வார்த்த பட்டை நல்ல மார்க் வாங்கிவிடும். சைட்டுக்குப் போகும் பெரிய பேனலில் அந்த ஒழுங்கு இருக்காது. அதனால்தான் முழுப் பேனலை வார்த்து, 28 நாள் கழித்து டைமண்ட் பிளேடால் பட்டைகளாக வெட்டச் சொல்கிறேன். ஒவ்வொரு பேனலிலும் ஓரத்தைக் கழித்துவிட்டு 700 × 150 அளவில் நான்கு பட்டை வரும். ஒரு பேனலை கலவை ஓடிய திசையில் வெட்டுங்கள், இன்னொன்றைக் குறுக்கே. இரண்டுக்கும் முடிவில் பெரிய வித்தியாசம் வந்தால், உங்கள் பேனலுக்கு ஒரு பலவீனமான திசை இருக்கிறது என்று அர்த்தம்.

ஒரே மூச்சில் ஊற்றுங்கள். பாதி ஊற்றி, டீ குடித்து வந்து மீதியை ஊற்றினால், இரண்டும் சேரும் கோட்டில் ஒரு இழைகூடக் குறுக்கே போயிருக்காது. ஊசி வைப்ரேட்டரை உள்ளே விடாதீர்கள். அது போன தடத்தில் சாந்து மட்டும் நிற்கும். டேபிள் வைப்ரேட்டர் நல்லது, அதுவும் கொஞ்ச நேரம்தான். அதிகம் அதிர்ந்தால் ஸ்டீல் அடியில் போய்விடும்.

தடிமனில் கண்டிப்பாக இருங்கள். வளைவில் தடிமனின் வர்க்கம்தான் பேசும். 30 க்குப் பதில் 27 மி.மீ. வார்த்தால் தடிமன் பத்து சதவீதம்தான் குறைவு, தாங்குதிறனோ பத்தொன்பது சதவீதம் குறைந்துவிடும்.

அன்றைய தேதி, கலவை எண், ஓட்டத்தின் திசை மூன்றையும் பேனலிலேயே எழுதி வையுங்கள். எண்ணும் அம்புக்குறியுமாக எழுதினால் கன்னடம், இந்தி, தமிழ் மூன்றும் பேசும் யார்டில் யாருக்கும் குழப்பம் வராது.

க்யூரிங் (வார்த்ததை ஈரமாக வைத்திருப்பது) பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, தண்ணீரைத் தவிர. 2024 மார்ச்சில் தட்டுப்பாடு முற்றியபோது பெங்களூர் குடிநீர் வாரியம் கட்டுமானத்துக்குக் குடிநீரைப் பயன்படுத்தத் தடை போட்டு, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்றது. அதற்குப் பிறகு சுத்திகரித்த கழிவுநீர், போர்வெல், டேங்கர் என்று எது கிடைக்கிறதோ அதுதான். எதுவானாலும் ஒருமுறை லேபில் கொடுத்துப் பாருங்கள், ஐ.எஸ். 456 படி பி.எச். 6 க்குக் கீழே போகக் கூடாது, உப்புகளுக்கும் வரம்பு இருக்கிறது. பிப்ரவரி, மார்ச் வறண்ட காற்றில் வார்த்த உடனே பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடாவிட்டால் டெஸ்டுக்கு முன்பே மேலே மயிரிழை விரிசல் வந்துவிடும்.

வளைக்கும் ஏற்பாடு

இரண்டு உருளைகள் மேல் பட்டையை வையுங்கள், நடுவே 600 மி.மீ. இடைவெளி; இதுதான் ஸ்பான். மேலே ஸ்பானை மூன்றாகப் பிரிக்கும் இரண்டு இடங்களில், அதாவது ஒவ்வொரு தாங்கியிலிருந்தும் 200 மி.மீ. உள்ளே, இரண்டு உருளைகள். அவற்றின் மேல் ஒரு கட்டையான இரும்புச் சட்டம், அதன் நடுவில் சுமை. இப்படிச் செய்தால் நடு 200 மி.மீ. முழுக்க ஒரே வளைவு இருக்கும். பலவீனமான இடம் எதுவோ அங்கே விரிசல் தானாக வரும். நடுவில் ஒரே புள்ளியில் அழுத்தினால் அந்தப் புள்ளிக்குக் கீழே விடும்படி நாமே கட்டாயப்படுத்துகிறோம்.

மெல்லிய பட்டை பெரும்பாலும் கொஞ்சம் முறுக்கிக்கொண்டிருக்கும். நான்கு மூலையும் உட்காராமல் ஆடினால் வளைவோடு முறுக்கலும் சேர்ந்துவிடும். ஒரு உருளையாவது பக்கவாட்டில் சாயும்படி வையுங்கள், அல்லது தொடும் இடத்தில் மெல்லிய தோல் துண்டு கொடுங்கள். பாதிப் பட்டைகளை அச்சு முகம் கீழாகவும், மீதியை மேலாகவும் சோதியுங்கள். பட்டை ஈரமாகவே இருக்க வேண்டும். தொட்டியிலிருந்து எடுத்து வெயிலில் காயவிட்டால் மேல்தோல் சுருங்கி முதல் விரிசல் சீக்கிரம் வரும். ஈரச் சாக்குப் போட்டு மூடி எடுத்து வாருங்கள்.

சுமைக்கு மணல் மூட்டை அடுக்குவது யார்டுகளில் வழக்கம். அது முதல் எண்ணை மட்டும்தான் தரும். விரிசல் விட்டதும் பட்டையின் பிடி குறையும், மூட்டையின் எடை குறையாது. பட்டை தடாலென்று விழும், இரண்டாவது எண் போயே போச்சு. நமக்கு வேண்டியது சுமையை ஏற்றுவது அல்ல, தொய்வை, அதாவது பட்டையின் நடு கீழே இறங்கும் அளவை, ஏற்றுவது. உறுதியான இரும்புச் சட்டத்தில் ஒரு ஸ்க்ரூ ஜாக், அதற்கும் பட்டைக்கும் நடுவில் சுமையை அளக்கும் ஒரு லோட் செல். அவ்வளவு போதும். ஜாக்கைத் திருகிய அளவுக்குத்தான் பட்டை இறங்கும். விரிசல் விட்டால் லோட் செல் காட்டும் எண் விழும், பட்டை அங்கேயே நிற்கும். 150 மி.மீ. கனமான பீமுக்கு இந்த எளிய ஏற்பாடு பத்தாது, ஏனென்றால் அது விடும்போது சட்டத்தில் சேர்ந்திருக்கும் சக்தியெல்லாம் ஒரே அடியாகப் பாயும். 30 மி.மீ. பட்டை தானே நெகிழ்வானது என்பதால் தப்பிக்கிறோம்.

தொய்வுக்கு 0.01 மி.மீ. வரை படிக்கும் டயல் கேஜ் இரண்டு, ஸ்பானின் நடுவில் இரு ஓரத்திலும். சராசரி எடுங்கள். கேஜைத் தரையில் நிறுத்தினால் தாங்கி அமுங்குவதும் தொய்வில் சேர்ந்துவிடும்; பட்டையின் மேலேயே, தாங்கிகளுக்கு நேராக ஊன்றிய ஒரு சட்டத்தில் கேஜைக் கட்டுவது சரி. கீழே ஒரு மரக்கட்டை வையுங்கள், உடைந்த துண்டு காலில் விழாது.

அளப்பது, கணக்கிடுவது

விரிசல் வரும்வரை மெதுவாக. கான்கிரீட் சோதனைக்கான ஐ.எஸ். 516 சொல்லும் வேகம் நிமிடத்துக்கு 0.7 நியூட்டன்/ச.மி.மீ.; நம் பட்டைக்கு அது நிமிடத்துக்கு சுமார் 16 கிலோ. கிலோவில் படித்தால் 9.81 ஆல் பெருக்கி நியூட்டனாக்குங்கள். முதல் விரிசல் ஏறக்குறைய 0.4 மி.மீ. தொய்வில் வரும். கண்ணுக்குத் தெரியாது, சுமை விழுவதுதான் அடையாளம். பிறகு தொய்வை 0.2 மி.மீ. வீதம் கூட்டி, ஒவ்வொரு முறையும் சுமையைக் குறியுங்கள். 1 மி.மீ., 4 மி.மீ. இரண்டையும் தவறவிடாதீர்கள். ஸ்பானில் 600 இல் ஒரு பங்கு, 150 இல் ஒரு பங்கு என்று அமெரிக்க ஏ.எஸ்.டி.எம். சி1609 முறை பார்க்கும் இரண்டு இடங்கள் அவை. 600 மி.மீ. ஸ்பான் எடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

கணக்கு: வளைதிறன் = சுமை × ஸ்பான் ÷ (அகலம் × தடிமன் × தடிமன்). 600 ஸ்பான், 150 அகலம், 30 தடிமனுக்கு இது சுமையை 225 ஆல் வகுப்பதுதான். உதாரணமாக, 1000 நியூட்டனில் விரிசல், 1 மி.மீ. தொய்வில் 600, 4 மி.மீ. தொய்வில் 450 என்று வைத்துக்கொள்வோம். வளைதிறன் 4.44, விரிசலுக்குப் பிறகு எஞ்சியது 2.67, பிறகு 2.0. பட்டையின் சொந்த எடையே 0.2 அளவுக்கு வளைத்துக்கொண்டிருக்கிறது, அதை 4.44 உடன் கூட்டலாம். மேலே வைத்த இரும்புச் சட்டத்தின் எடையை சுமையோடு சேர்க்க மறப்பவர்கள் நிறைய. தடிமனை வரைபடத்திலிருந்து எடுக்காமல், உடைந்த இடத்தில் வெர்னியர் வைத்து மூன்று இடத்தில் அளந்து சராசரியைப் போடுங்கள்.

சுமைக்கும் தொய்வுக்கும் ஒரு வரைபடம் போட்டால் கதை தெரியும். விரிசலுக்குப் பிறகு கோடு செங்குத்தாகப் பாதாளத்துக்குப் போனால் ஃபைபர் பத்தவில்லை, அல்லது அந்த இடத்தில் இல்லை. சரிவாக இறங்கி ஒரு மட்டத்தில் ஓடினால் வழக்கமான நல்ல பேனல். விழாமல் இன்னும் ஏறி, நடுப்பகுதியில் பல மெல்லிய விரிசல்கள் வந்தால் மிகச் சிறப்பு; 40 கிலோவுக்கு அதை எதிர்பார்க்க வேண்டாம்.

டெஸ்ட் முடிந்ததும் பட்டையை முழுசாகப் பிளந்து, உடைந்த முகத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் இழைகளை எண்ணுங்கள். இரு துண்டிலும் எண்ணிக் கூட்ட வேண்டும். நம் அளவில் ஒரு குறுக்குவெட்டில் தோராயமாக 50 முதல் 60 இழைகள் வர வேண்டும். இவ்வளவு குறைந்த எண்ணிக்கை என்பதால்தான் பட்டைக்குப் பட்டை எஞ்சிய வலிமை இவ்வளவு ஆடுகிறது. முப்பதே இழை உள்ள முகம் குறைவாகத் தாங்கியதில் மர்மம் ஒன்றுமில்லை. மேல்பாதி, கீழ்பாதி தனித்தனியாக எண்ணினால் வைப்ரேட்டர் அதிகமாக ஓடியதா என்பதும் தெரியும். இழைகள் அறுந்திருக்கிறதா, உருவியிருக்கிறதா என்றும் பாருங்கள். நுனியின் வளைவு நிமிர்ந்து வந்திருந்தால் அது முழு வேலை செய்திருக்கிறது. எட்டுப் பட்டைக்குக் குறைவாக வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். சராசரியோடு மிகக் குறைந்த எண்ணையும் எழுதுங்கள்.

லேபுக்கு எப்போது

யார்டு டெஸ்ட் உங்கள் கலவையை நீங்களே தெரிந்துகொள்ள. கன்சல்டன்ட் டிசைனுக்குக் கேட்டால் லேபுக்குத்தான் போக வேண்டும். அங்கே வழக்கமாகக் கேட்கப்படுவது ஐரோப்பிய ஈ.என். 14651: 150 மி.மீ. பீமின் அடியில் 25 மி.மீ. வெட்டுவாய் போட்டு, 500 மி.மீ. ஸ்பானில் நடுவில் அழுத்தி, வெட்டுவாய் எவ்வளவு திறக்கிறது என்று பார்ப்பது. 0.5, 1.5, 2.5, 3.5 மி.மீ. திறப்பில் எஞ்சிய வலிமை எடுப்பார்கள். சர்வதேச கான்கிரீட் அமைப்பின் எஃப்.ஐ.பி. மாடல் கோடு 2010 கம்பிக்குப் பதில் ஃபைபரை ஏற்க இரண்டு நிபந்தனை வைக்கிறது: 0.5 மி.மீ. திறப்பில் எஞ்சியது முதல் விரிசல் வலிமையில் 0.4 பங்குக்கு மேல் இருக்க வேண்டும், 2.5 மி.மீ. இல் எஞ்சியது அந்த 0.5 மி.மீ. மதிப்பில் பாதிக்கு மேல். அந்த விகிதங்களை நம் பட்டை எண்களோடு கலக்காதீர்கள், அவை வேறு டெஸ்டுக்கானவை.

லேபில் பணம் கட்டும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "மெஷின் தொய்வை அல்லது விரிசல் திறப்பைக் கட்டுப்படுத்தி ஓடுமா, முழு வரைபடம் தருவீர்களா?" சாதாரண யூ.டி.எம். (லேபில் இருக்கும் பொதுச் சோதனை மெஷின்) சுமையை மட்டும் ஏற்றும். உச்சம் வந்ததும் பீம் உடைய, ரிப்போர்ட்டில் 'வளைதிறன் 4.6' என்று ஒரே வரி வரும். ஃபைபரே இல்லாத கான்கிரீட்டுக்கும் அதே வரிதான் வந்திருக்கும். சாக்கடை மூடி, மேன்ஹோல் மூடி வார்ப்பவர்களுக்கு வேறு வழி: ஐ.எஸ். 12592 இல் தரவகைக்கு ஏற்ப 2.5, 10, 20, 35 என்று டன் கணக்கில் முழு மூடியையே அழுத்திப் பார்க்கிறார்கள்.

காம்பவுண்ட் சுவர்ப் பலகைக்கு இந்த எண்களை வைத்து ஒரு கணக்கு. பெங்களூருக்குக் கட்டடச் சுமைகளுக்கான ஐ.எஸ். 875 சொல்லும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 33 மீட்டர். உயரம், சுற்றுப்புறம் போன்றவற்றுக்கான கெழுக்கள் சேர்க்காமல் பார்த்தால் அது சதுரமீட்டருக்கு சுமார் 650 நியூட்டன் அழுத்தம். 40 மி.மீ. தடிமனுள்ள பலகையின் சொந்த எடையோ சதுரமீட்டருக்கு 940 நியூட்டன். கிடைவாக்கில் இரு முனையில் பிடித்துத் தூக்கினாலே புயலைவிட அதிகமாக வளைக்கிறோம், அதுவும் மறுநாள் காலை, கான்கிரீட் பாதி வலிமைகூட எட்டாத நேரத்தில். அதனால் அச்சைக் கழற்றும் நாளில் சோதிக்கவென்று இன்னொரு சின்னப் பேனலும் வார்த்து வையுங்கள். அதில் வந்த எண் திருப்தியாக இல்லையென்றால் இன்னும் ஒரு நாள் பொறுங்கள். பலகையைக் கிடத்தித் தூக்காமல் நெட்டுக்குத்தாக நிமிர்த்தி எடுங்கள், லாரியிலும் அப்படியே நிறுத்துங்கள்.